என் முட்டியைத் திரையில் காட்டியவனுக்கு

மார்ச் 3

டேய்,

போனை எடுக்கவில்லை என்று கவலைப்படாதே. எடுக்க மாட்டேன். போனில் நீ "அக்கா, அக்கா" என்று இழுப்பாய், என் கோபம் இளகிவிடும். இந்த முறை இளக விடுவதாக இல்லை. கால்பந்து நடுவராக இத்தனை காலம் விசில் ஊதியதில் ஒன்று கற்றுக்கொண்டேன். மைதானத்தில் கத்துவது காற்றோடு போகும். எழுதிக் கொடுப்பதுதான் நிற்கும். ஆகவே எழுதுகிறேன். பதிலும் எழுத்தில்தான் வேண்டும்.

சனிக்கிழமை உன் ஆராய்ச்சிக்கூடத்தில் பொதுமக்களுக்காக நீ பேசியதை நேரலையில் பார்த்தோம். உன் அத்தான் அதற்காக மூக்குக்கண்ணாடிக் கடையைச் சீக்கிரம் மூடினார். 'மூட்டுத் தேய்வும் அதைச் செய்யும் நொதிகளும்' என்று தலைப்பு வந்ததும் கைதட்டினார். சட்டை நன்றாக இருந்தது. முடி வெட்டியிருக்கலாம்.

பிறகு திரையில் ஒரு முட்டியின் எக்ஸ்ரே வந்தது. நீ சொன்னாய்: "இது நாற்பதுகள்ல இருக்கிற ஒருத்தரோட முட்டி. பேர் வேண்டாம். உள்பக்கம் பாருங்க, இடைவெளின்னு சொல்லிக்க ஒண்ணும் மிச்சமில்ல."

உன் மருமகள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "அம்மா, அது நீதானே?"

பெயரை மறைத்தாய். சரி. அந்த இரண்டு ஆணிகளை? நான் ஆடிக்கொண்டிருந்த காலத்தில் தசைநார் அறுந்து, டாக்டர் அடித்த ஆணிகள். ஒன்று நேர், ஒன்று கோணல். அந்த அறுவை முடிந்ததும் எடுத்த எக்ஸ்ரேயைக் கிளப் சுவரில் கோப்பைகளுக்கு நடுவே சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார்கள். மாட்டிய அன்று ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு நின்றவனே நீதான். இந்த ஊரில் பந்தை உதைத்த ஒவ்வொருவனும் அந்த ஆணிகளுக்குக் கீழே நின்று தண்ணீர் குடித்திருக்கிறான். என் முகம்கூட அவர்களுக்கு மறந்து போகலாம். அந்தக் கோணல் ஆணி மறக்காது.

திங்கட்கிழமை நடுவர் சங்கச் செயலாளர் கூப்பிட்டார்.

"என்னம்மா, முட்டியில ஒண்ணுமே மிச்சமில்லையாமே."

"யாரு சார் சொன்னது?"

"உங்க தம்பிதான். உலகத்துக்கே சொன்னாரே."

ஜூன் மாத இறுதிப் போட்டி இந்த வருடம் எனக்கு. முதன்மை நடுவராக, நடு மைதானத்தில். இதுவரை எல்லா இறுதிப் போட்டிகளிலும் கோட்டோரம் கொடி பிடித்துத்தான் ஓடியிருக்கிறேன். இப்போது டாக்டர் சான்றிதழும் கொடுத்து, ஓட்டத் தேர்விலும் தேறினால்தான் உண்டு, இல்லையென்றால் வேறு ஆள் என்கிறார் செயலாளர். முட்டி வலியை ஒரு பருவம் முழுக்க ஒருவருக்கும் தெரியாமல் மறைத்து வைத்திருந்தேன். நீ ஒரே படத்தில் ஊதிவிட்டாய்.

இப்போதைக்கு மட்டும் உன் அக்கா

மார்ச் 9

அக்கா,

தவறு. முழுக்க என்னுடையது.

பெயரை அழித்தேன். பிறந்த தேதியை அழித்தேன். மூலையில் இருந்த மருத்துவமனை எண்ணை அழித்தேன். ஆணிகளை நான் பார்க்கவே இல்லை. எக்ஸ்ரேயில் குருத்தெலும்பு தெரியாது. எலும்புகளுக்கு நடுவே கறுப்பாக ஓர் இடைவெளி தெரியும், அதுதான் அது. எனக்கு அந்தக் கறுப்பைப் பார்த்தே பழக்கம். வெள்ளையாக எது இருந்தாலும் கண்ணில் படுவதில்லை.

வேறு படங்கள் இருந்தன. எங்கள் கூடத்துப் பேராசிரியை ஒரு கட்டே கொடுத்தார். உன்னுடையதை ஏன் எடுத்தேன் என்று கேட்பாய். நீ அதை அனுப்பி, "பாத்துச் சொல்லுடா" என்று ஒரு வரி எழுதியிருந்தாய். பார்த்தேன். சொல்லவில்லை. வாரக்கணக்கில் திறந்து திறந்து மூடினேன். முகம் தெரியாத ஒரு கூட்டத்திடம் சொல்வது உன்னிடம் சொல்வதைவிட எளிதாக இருந்தது. அவ்வளவுதான் காரணம். எழுதிப் பார்க்கும்போது இன்னும் கேவலமாகத் தெரிகிறது.

செயலாளருக்குப் போன் செய்தேன்.

"தம்பி, நீங்க டாக்டரா?"

"இல்ல சார். நொதிகளை ஆராயறவன்."

"அப்ப அந்த நொதிகிட்ட ஒரு சான்றிதழ் வாங்கி அனுப்புங்க."

வைத்துவிட்டார்.

என்ன செய்ய வேண்டும், சொல்.

தம்பி

மார்ச் 15

டேய்,

செயலாளர் சொன்னதை உன் அத்தானிடம் படித்துக் காட்டினேன். சிரித்த சிரிப்பில், அளந்துகொண்டிருந்த வாடிக்கையாளரின் மூக்கில் பிரேம் இடித்துவிட்டது. அவருக்கு எப்போதுமே செயலாளர் கட்சிதான்.

என்ன செய்ய வேண்டும் என்றா கேட்கிறாய்? முதலில் அறிக்கை கொடு. என் முட்டி திரையில் வந்த பிறகு நீ பேசிய எதுவும் என் காதில் விழவில்லை. என்ன நடந்தது, யார் செய்தது, தூண்டியது யார். ஆட்டத்துக்குப் பின் நான் எழுதுகிற மாதிரி. உன் பாஷை வேண்டாம்.

இங்கே என் நிலைமையைச் சொல்கிறேன். ஓட்டத் தேர்வு மே கடைசியில். அதுவரை முட்டியைச் செலவழிக்கக் கூடாது என்று சேமித்து வைத்திருக்கிறேன். வீட்டில் இருக்கும்போதெல்லாம் காலைத் தலையணை மேல் வைத்துப் படுத்திருக்கிறேன். நடப்பதைக் குறைத்துவிட்டேன். மாடிப்படியைப் பின்பக்கமாக இறங்குகிறேன், அப்படி இறங்கினால் வலி குறைவு. எதிர்வீட்டு அம்மா பார்த்துவிட்டு, "இது எதுக்கு நல்லது?" என்றார். "ஞாபகசக்திக்கு" என்று சொல்லிவிட்டேன். நேற்று அவரும் அப்படித்தான் இறங்கினார்.

மண்டியிட மட்டும் முடியவே இல்லை. அலமாரியின் கீழ்த்தட்டு எனக்கு வேறு நாடு ஆகிவிட்டது.

அக்கா

மார்ச் 22

அக்கா,

அறிக்கை.

இடம்: எலும்பு முனைகளின் மேல் மூடியிருக்கும் குருத்தெலும்பு. வெள்ளை. ஈரம். வழுவழுப்பு. அதில் ரத்தக் குழாய் இல்லை. நரம்பும் இல்லை. தேயும்போது அதற்குத் தெரியாது. அக்கம்பக்கத்தில் இருப்பவைதான் பிறகு அலறுகின்றன.

உள்ளே ஒரு வலை. கொலாஜன் இழைகளால் ஆனது. வலைக்குள் பஞ்சு. அதன் பெயர் அக்ரிகன். பஞ்சு தண்ணீரைப் பிடித்து வைக்கும். நீ கால் ஊன்றும்போது தண்ணீர் பிழிந்து வெளியே வரும், காலை எடுக்கும்போது உள்ளே போகும். நீ ஆடிய எல்லா ஆட்டத்தையும் தாங்கியது இந்தத் தண்ணீர்தான்.

யார் செய்தது: இவற்றைக் கட்டிய அதே செல்கள். சிலரே. ஆளுக்கோர் அறையில் தனியாக இருப்பவர்கள். அடி பட்டாலோ வீக்கம் வந்தாலோ, கட்டுவதை விட்டுவிட்டு நொதிகளை அனுப்புவார்கள். நொதியைக் கத்திரி என்று வைத்துக்கொள். ஒரு கத்திரி பஞ்சை வெட்டும். அது அக்ரிகனேஸ். இன்னொன்று வலையை அறுக்கும். அது கொலாஜனேஸ். பஞ்சு போனால் ஓரளவு திரும்பக் கட்டிக்கொள்ள முடியும். வலை அறுந்தால் அறுந்ததுதான்.

சாதாரண நாட்களிலும் கத்திரிகள் கொஞ்சம் வேலை செய்யும். பழையதை எடுத்தால்தானே புதியதற்கு இடம். உடம்பு அதற்குப் பூட்டுகளும் வைத்திருக்கிறது. பூட்டை மீறிக் கத்திரிகள் பெருகும்போதுதான் உன் எக்ஸ்ரே.

தூண்டியது: அறுந்த தசைநார். அன்றைக்கே தொடங்கியிருக்கும். சத்தமில்லாமல்.

என் வேலை: முட்டி மாற்று அறுவையில் வெட்டி எறியும் குருத்தெலும்பை, உரியவர்கள் சம்மதித்தால், எங்களுக்குத் தருவார்கள். துண்டுகளாக்கித் தட்டில் வளர்ப்போம். கத்திரிகளைக் கிளப்பிவிடுவோம். முதல் கத்திரியை மட்டும் பூட்டுகிற ஒரு மருந்தைச் சேர்ப்போம். பிறகு அந்தத் தண்ணீரில் நீலச் சாயம் விடுவோம். பஞ்சு வெட்டுப்பட்டுக் கலந்திருந்தால் நீலம் ஊதாவாகும். நீலம் நீலமாகவே இருந்தால் வெட்டு இல்லை.

பிப்ரவரியில் ஒரு காலை. தட்டு முழுக்க நீலம். நான் நாற்காலி இருக்கிறதா என்று பார்க்காமல் உட்கார்ந்தேன். இருந்தது.

தம்பி

மார்ச் 30

டேய்,

புரிந்தது. கட்டுகிற கம்பெனிக்கும் இடிக்கிற கம்பெனிக்கும் ஒரே முதலாளி. இதைச் சொல்லத்தான் இவ்வளவு படிப்பா?

உன் கடிதத்தைக் கடைசி வரை படித்தேன். 'தட்டு முழுக்க நீலம்' என்று எழுதியிருக்கிறாயே. அப்படியென்றால் உன் அலமாரியில் ஒரு புட்டி இருக்கிறது. அதில் நான்கு சொட்டு எனக்கு அனுப்பு. முட்டிக்குள் ஊசி போடத் தெரிந்த டாக்டர் இங்கே இருக்கிறார். நான் கேட்டால் மறுக்க மாட்டார். யாருக்கும் சொல்ல மாட்டேன். எலி, முயல் என்று நீங்கள் காட்ட வேண்டிய கணக்கையெல்லாம் காட்டுங்கள், எனக்கு என்ன. எனக்கு ஜூன் மாதம் ஒரே ஒரு ஆட்டம் வேண்டும்.

உன்னிடம் இதுவரை எதுவும் கேட்டதில்லை.

அக்கா

ஏப்ரல் 5

அக்கா,

முடியாது.

தட்டில் இருக்கும் துண்டுக்குக் கல்லீரல் கிடையாது. இதயம் கிடையாது. தோளும் கிடையாது. முன்பு வேறொரு நோய்க்காக, எல்லாக் கத்திரிகளையும் ஒன்றாகப் பூட்டும் மருந்துகளை மனிதர்களுக்குக் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். தோள் இறுகிப்போனது. விரல்கள் மடங்க மறுத்தன. எங்களுடையது அப்படி இல்லை என்று நம்புகிறேன். நம்புவது வேறு, தெரிவது வேறு. நான் தெரியாத இடத்தில் இருக்கிறேன்.

நீ தேர்வில் தோற்றால் எனக்குத் தாங்கும். கையைத் தூக்கி ஃப்ரீ கிக் காட்ட முடியாமல் நீ நின்றால் தாங்காது.

மன்னித்துக்கொள். இல்லாவிட்டால் திட்டு.

தம்பி

ஏப்ரல் 8

நீ உன் தட்டுக்கே வைத்தியம் பார்த்துக்கொள்.

ஏப்ரல் 18

அக்கா,

இது மருந்து அல்ல. ஒரு செய்தி.

கூடத்தின் மூலையில் ஓர் இயந்திரம் இருக்கிறது. குருத்தெலும்புத் துண்டுகளை மெல்ல அமுக்கும், விடும். ஒருவர் நடக்கிற தாளத்தில். நாங்கள் அதை 'வாக்கிங் அம்மா' என்கிறோம். போன வாரம் மூன்று தட்டுகள் வைத்தேன். மருந்து எதுவும் இல்லாமல். ஒன்று சும்மா கிடந்தது. ஒன்றை ஓங்கி அடித்தது இயந்திரம். ஒன்றை நடை தாளத்தில் அமுக்கியது.

சாயம் விட்டேன். சும்மா கிடந்தது ஊதா. அடி வாங்கியது ஆழமான ஊதா. மெல்ல நடந்தது, கிட்டத்தட்ட நீலம்.

இது புதிய கண்டுபிடிப்பு இல்லை. பலர் பார்த்திருக்கிறார்கள், நானே பாடத்தில் படித்தேன். ஆனால் அன்றைக்கு அந்த மூன்று தட்டுகளுக்கு முன்னால் நின்றபோது உன் மார்ச் மாதக் கடிதம் ஞாபகம் வந்தது. தலையணை மேல் கால்.

அக்கா, நீ சேமிக்கவில்லை. பட்டினி போடுகிறாய். அது ரத்தம் போகாத இடம். அமுங்கி விரியும்போதுதான் அதற்குச் சாப்பாடு.

கீழ்த்தளத்தில் இருக்கும் பிசியோதெரபிஸ்ட் அம்மாவிடம் போனேன். உன் படத்தைக் காட்டவில்லை. வாயால் மட்டும் சொன்னேன். அவர் சொன்னது: "நடக்கச் சொல்லுங்க. கையை ஊணாம நாற்காலியில உட்காந்து எந்திரிக்கச் சொல்லுங்க. தொடை பலமானா முட்டிக்குப் பாரம் குறையும். வலிச்சா குறைக்கட்டும், நிறுத்த வேண்டாம். அவங்க ஊர்லயே ஒருத்தர்கிட்ட போய்க் காட்டட்டும்."

தேர்வில் தேறுவாய் என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது. தட்டு முட்டி அல்ல என்று நான்தான் எழுதினேன். ஆனால் இதில் ஆபத்து இல்லை, அதை என்னால் சொல்ல முடியும்.

தம்பி

ஏப்ரல் 28

அக்கா,

பதில் இல்லை.

அத்தானுக்குப் போன் செய்தேன். "கடையில கூட்டம் மாப்ள, அப்புறம் பேசுறேன்" என்றார். பின்னால் பலர் சேர்ந்து எதையோ எண்ணுகிற சத்தம். யாரோ மூச்சு வாங்கிக்கொண்டே சிரிக்கிறார்கள்.

அது நீதானே?

தம்பி

மே 6

டேய்,

நான்தான்.

உன் கடிதம் வந்த அன்று அதைக் கசக்கி எறிந்தேன். உன் அத்தான் எடுத்து நீவி, கண்ணாடி துடைக்கும் துணியால் துடைத்து, முழுக்கப் படித்தார். "உன் தம்பி மருந்து தரலைன்னு கோபப்பட்டே, சரி. அவன் தந்ததை ஏன் வேண்டாங்கிற?" என்றார். கல்யாணமாகி இவ்வளவு காலத்தில் அவர் என்னை எதிர்த்துப் பேசி நான் பார்த்ததில்லை. பயந்துபோய் எழுந்து நடந்தேன்.

முதல் வாரம் தெருமுனை வரைதான். கண்ணீர் வந்தது. இங்கே ஒரு பிசியோதெரபிஸ்டிடமும் போனேன். சின்னப் பெண். நான் ஒரு முறை அவள் அண்ணனை வெளியேற்றியிருக்கிறேனாம். அதை மனதில் வைத்துக்கொண்டுதான் பயிற்சி தருகிறாள் என்று நினைக்கிறேன்.

உட்கார்ந்து எழ வீட்டு நாற்காலி சரிவரவில்லை, மிகவும் தாழ்வு. கடையில், கண் பரிசோதனைக்கு வருபவர்கள் உட்காரும் நாற்காலிக்குப் பக்கத்தில் இன்னொரு உயரமான நாற்காலி இருக்கிறதே, அதுதான் சரியான உயரம். ஆகவே மாலையில் கடையில்தான் என் பயிற்சி. ஒருவர் ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு எதிர்ச்சுவரில் எழுத்துப் படிப்பார். பக்கத்தில் நான் எழுவேன், உட்காருவேன்.

ஒரு பெரியவர் பாதியில் நிறுத்திக் கேட்டார்: "இவங்க எதுக்கு எந்திரிச்சு எந்திரிச்சு உட்கார்றாங்க?"

"கடைசி வரியை நீங்க சரியாப் படிச்சா நிறுத்திடுவாங்க" என்றார் உன் அத்தான்.

பாவம் அந்த மனிதர். எனக்காக வியர்த்து வியர்த்துப் படித்தார்.

இப்போது வருகிறவர்கள் எண்ண ஆரம்பித்துவிட்டார்கள். நீ போனில் கேட்டது அதைத்தான். சிலர் கண்ணாடி வாங்காமல் எண்ணுவதற்கென்றே வருகிறார்கள். வியாபாரம் எப்படி என்று கேட்காதே.

வலி போகவில்லை. ஆனால் முன்பு வலி என்னைக் கூட்டிக்கொண்டு போனது. இப்போது நான் அதைக் கூட்டிக்கொண்டு போகிறேன். படியை முன்பக்கமாக இறங்குகிறேன். எதிர்வீட்டு அம்மா மட்டும் இன்னும் பின்பக்கமாக. ஞாபகசக்தி கூடியிருக்கிறதாம். உண்மையை எப்படிச் சொல்வது?

அக்கா

மே 14

அக்கா,

உன் கடிதத்தைக் கூடத்தில் உரக்கப் படித்தேன். உன் சம்மதம் கேட்கவில்லை. மறுபடியும் அதே தவறு. ஆனால் இந்த முறை எல்லோரும் சிரித்தார்கள். பேராசிரியை எழுந்து, உட்கார்ந்து, எழுந்து பார்த்தார். "சுலபமா இல்லையே" என்றார்.

என் பக்கம்: வேறொருவரின் குருத்தெலும்பில் மருந்தை மறுபடி பார்த்தோம். நீலம். இன்னொருவருடையதில் பாதி நீலம், பாதி ஊதா. ஏன் என்று தெரியவில்லை. தெரியாதது எனக்குப் பிடித்திருக்கிறது. போன வருடம் இது பயமாக இருந்தது.

நீ எழுதாமல் இருந்த நாட்களில் ஒரு யோசனை வந்தது. அதைச் சரியாகச் சொல்ல வரவில்லை. உனக்கு நான் தரக்கூடியது அந்தப் புட்டி மட்டும்தான் என்று நீ நினைத்தாய். நானும் அப்படியே நினைத்தேன். இல்லை என்று சொன்ன பிறகு என் கையில் ஒன்றுமே இல்லாத மாதிரி இருந்தது. இப்போது அப்படி இல்லை.

தேறாவிட்டால் என்ன செய்வாய்? கேட்கக் கூடாது. கேட்டுவிட்டேன்.

தம்பி

மே 27

டேய்,

தேறாவிட்டால் அழுவேன், செயலாளரின் வீட்டு ஜன்னலில் பந்து அடிப்பேன் என்று பதில் எழுதி வைத்திருந்தேன். அனுப்பவில்லை. இப்போது தேவையும் இல்லை.

முதலில் டாக்டர். சங்கத்தின் டாக்டர், வயதானவர், யாருக்கும் சிரிக்காதவர். செயலாளரும் கூட வந்து உட்கார்ந்துகொண்டார். டாக்டர் என் முட்டியை மடக்கினார், நீட்டினார், ஒற்றைக் காலில் நிற்கச் சொன்னார், படி ஏறச் சொன்னார். புது எக்ஸ்ரேயை விளக்கில் பிடித்துப் பார்த்தார். செயலாளரும் எட்டிப் பார்த்தார்.

"டாக்டர், படம் ரொம்ப மோசமா இருக்கே."

"ஆமா. மோசம்தான்."

"அப்ப எப்படி…"

"இத விட நல்ல படத்தோட நாற்காலிய விட்டு எந்திரிக்க முடியாதவங்க எங்கிட்ட வர்றாங்க. நான் படத்துக்குச் சான்றிதழ் தர்றதில்ல சார். ஆளுக்குத்தான் தர்றேன்."

கையெழுத்துப் போட்டார். பிறகு என்னைப் பார்த்துச் சொன்னார்: "இது குணமாயிடுச்சுன்னு அர்த்தமில்ல. ஒரு நாள் மாத்த வேண்டி வரும். அந்த நாள் இன்னைக்கு இல்ல, அவ்வளவுதான்." அதற்கு நான் தலையாட்டினேன். முன்பு என்றால் காது கேளாத மாதிரி இருந்திருப்பேன்.

மறுநாள் ஓட்டம். கிளப் மைதானம். யாருக்கும் சொல்லவில்லை, ஆனால் எல்லோரும் வந்திருந்தார்கள். செயலாளர் கையில் கடிகாரம். இரும்பு முகம். ஓடு, நட, ஓடு, நட. பாதிக்கு மேல் முட்டி தன் இருப்பைச் சொல்ல ஆரம்பித்தது. ஓரத்தில் நின்ற கடை வாடிக்கையாளர்கள் வழக்கம்போல எண்ணத் தொடங்கினார்கள். எதை எண்ணுகிறோம் என்று அவர்களுக்கே தெரியாது. கடைசிச் சுற்றில் ஒரு கணம் நின்றுவிடலாம் என்று தோன்றியது. அப்போது கோட்டுக்குப் பக்கத்திலிருந்து ஒரு குரல்.

"ஓடும்மா! ஓடு! இன்னும் கொஞ்சம்தான், நேரமிருக்கு, ஓடு!"

யார் என்று பார்த்தால் செயலாளர். கடிகாரத்தைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு என்னோடு கோட்டோரமாக ஓடி வருகிறார். கோட்டைத் தாண்டினேன். அவர் என்னைவிட அதிகமாக மூச்சு வாங்கினார். பிறகு தொண்டையைச் சரிசெய்துகொண்டு, "தேர்ச்சி" என்றார், கோர்ட்டில் தீர்ப்பு வாசிக்கிற மாதிரி.

இறுதிப் போட்டி என்னுடையது!

அடுத்த முறை எங்காவது பேசினால் என் புது எக்ஸ்ரேயைக் காட்டிக்கொள். கடையில் எண்ணினார்கள், மைதானத்தில் எண்ணினார்கள், இனி மறைக்க என்ன இருக்கிறது? ஆனால் கூடவே நான் ஓடுகிற படத்தையும் காட்ட வேண்டும். இரண்டும் பக்கத்தில் பக்கத்தில். அதுதான் நிபந்தனை.

உன் அக்கா

ஜூன் 4

அக்கா,

நிபந்தனை ஏற்கப்பட்டது.

வர முடியவில்லை. தட்டுகளுக்கு நாள்தோறும் உணவு மாற்ற வேண்டும், இந்த வாரம் என் முறை. ஆனால் நேரலை இருக்கிறதாம். பேராசிரியை கூடத்தின் பெரிய திரையைப் பிடித்து வைத்துவிட்டார். உன் முட்டி வந்த அதே திரை. இந்த முறை மீதி உடம்பும் வரும்.

வலித்தால் நில் என்று எழுத நினைத்தேன். எழுதி அடித்தேன். அது உனக்குத் தெரியும். எனக்குத்தான் சொல்லிக்கொள்ள வேண்டும் போலிருந்தது.

விசிலை மறக்காதே.

தம்பி

ஜூன் 14

டேய்,

நேரலை இரண்டாம் பாதியில் பலமுறை அறுந்துபோனதாகச் சொன்னார்கள். கடைசிக் கட்டத்தை நீ பார்த்தாயா தெரியவில்லை. பார்த்திருந்தாலும் என்னிடமிருந்துதான் கேட்டுக்கொள். அதிகாரபூர்வ அறிக்கையை ஏற்கெனவே கொடுத்துவிட்டேன். அதில் இதில் பாதிகூட இல்லை.

மழை விட்டுப் புல் ஈரம். அரங்கம் நிறைந்திருந்தது. நடு வட்டத்தில் போய் நின்றேன். கோட்டோரமாகவே ஓடிப் பழகியவளுக்கு அங்கிருந்து மைதானம் வேறு மாதிரி தெரிந்தது. இரண்டு பக்கமும் ஒரே தூரம். விசிலை வாயில் வைத்தேன். ஊதினேன். எல்லாம் ஓட ஆரம்பித்தது.

முதல் ஃப்ரீ கிக்குக்கே ஒருவன் எழுந்து கத்தினான்: "நடுவரே, உங்க வீட்டுக்காரர் கடையில ஒரு கண்ணாடி வாங்கிப் போடுங்க!" உன் அத்தான் அவனுக்குப் பின்வரிசையில்தான் இருந்தார். தோளைத் தட்டிக் கடை முகவரி அட்டையைக் கொடுத்தாராம்.

நன்றாக ஓடினேன். முட்டியைச் செலவு பண்ணாமல், பந்து எங்கே வரப்போகிறது என்று முன்கூட்டியே போய் நின்றேன். இரண்டாம் பாதியில் வலித்தது. வலிக்கட்டும். அது ஊன்றும் வலி, உடையும் வலி இல்லை. எனக்கு இப்போது வித்தியாசம் தெரியும்.

கடைசி நிமிடங்கள். சிவப்புச் சட்டைக்காரர்கள் ஒரு கோல் முன்னால். அவர்களுடைய முன்கள ஆட்டக்காரன், எல்லோரும் 'நெட்டை' என்று கூப்பிடுகிற பையன், பந்தோடு போகிறான், எதிராளி பக்கத்தில் வருகிறான். தொடவில்லை. நான் மிக அருகில் இருந்தேன், காற்றுகூடப் படவில்லை. நெட்டை விழுந்தான். முட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உருண்டான். அலறல் மேல் வரிசை வரை கேட்டிருக்கும். நேரத்தைக் கரைக்கிறான்.

ஓடிப்போனேன். சுற்றி எல்லோரும் கத்துகிறார்கள். அவன் முகத்தைக் கிட்டத்தில் பார்க்க வேண்டும் என்று யோசிக்காமல் சட்டென்று கீழே போய்விட்டேன். டேய், மண்டியிட்டுவிட்டேன். இரண்டு முட்டியும் ஈரப் புல்லில். போன வருடத்துக்குப் பிறகு இதுதான் முதல் தடவை. எனக்கே அது தரையில் பட்ட பிறகுதான் தெரிந்தது.

அவன் காதருகில் குனிந்தேன். "எந்தப் பக்கம் வலிக்குது?"

"உள்பக்கம்… அக்கா… உள்பக்கம்."

"குத்தலா, இறுக்கமா? மடக்கும்போதா, நீட்டும்போதா? படியேறும்போதா, இறங்கும்போதா?"

முழித்தான். "எல்லாத்துலயும்."

"முட்டி வலின்னா என்னன்னு இந்த ஊருக்கே தெரியறாப்ல என் முட்டியப் படம் போட்டுக் காட்டியாச்சு. ஊர்ல இவ்வளவு பேர் இருக்க, எங்கிட்டயா வந்து நடிக்கிற?"

அவனால் அடக்க முடியவில்லை. முட்டியைப் பிடித்தபடியே சிரித்துவிட்டான். பக்கத்தில் நின்றவனும் சிரித்தான். பிறகு எதிர் அணிக் கோல்கீப்பர். அரங்கத்துக்கு என்ன நடந்தது என்று தெரியாது, ஆனால் மைதானத்தில் எல்லோரும் சிரிக்கிறார்கள் என்பதற்காக அதுவும் சிரித்தது.

நான் எழுந்திருக்கப் பார்த்தேன். முடியவில்லை. மண்டியிடுவது ஒரு வித்தை, எழுவது வேறு வித்தை. அதை நாற்காலியில் யாரும் சொல்லித் தரவில்லை. ஒரு கையை ஊன்றினேன், வழுக்கியது. இவ்வளவு பேர் முன்னால், கடைசி நிமிடத்தில், இங்கேயே உட்கார்ந்துவிடுவேனா?

நெட்டைதான். அடிபட்டுக் கிடந்தவன் துள்ளி எழுந்து கையை நீட்டினான். பிடித்தேன். ஒரே இழுப்பில் தூக்கி நிறுத்திவிட்டான். நல்ல பலம், முட்டியும் தொடையும் கல் மாதிரி. அரங்கம் முழுக்க எழுந்து கைதட்டியது. செயலாளர் நாற்காலி மேலேயே ஏறி நின்றாராம்.

நான் அவன் கையை விடவில்லை. இன்னொரு கையால் சட்டைப் பையிலிருந்து மஞ்சள் அட்டையை எடுத்து, தலைக்கு மேல் உயர்த்திக் காட்டினேன்.

"அக்கா!" என்றான். "தூக்கி விட்டதுக்கா கார்டு?"

"விழுந்ததுக்குடா" என்றேன்.